தாரணி கட்டிய தவணை

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஃபாரத்தில் மூன்றாம் பக்கம் கீழே ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. பெற்றோர் கையெழுத்து என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது பாருங்கள், அங்கே. அது இல்லாமல் நீட்டினால் பேங்க் கவுண்டரில் இருக்கிற அந்தம்மா திருப்பிக் கொடுத்துவிடும். மறுபடி டோக்கன் எடுத்து, மறுபடி இதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தேன். பக்கத்து டேபிள்காரரின் சொந்த ஊர் எதுவென்று எட்டாவது வருஷம்தான் கேட்டேன், அதுவும் அவர் ஊருக்குப் போன பிறகு மற்றவர்களிடம், சம்பளக் கவரை எங்கே அனுப்புவது என்று தெரியாததால். இப்போது பேசுவது ஏனென்றால், உங்கள் ஃபாரத்தில் படிப்பின் பெயர் கண்ணில் பட்டுவிட்டது. டிசைன் டிப்ளமோ, இரண்டு வருஷம், நாலு லட்சம். யாருக்கு, மகளுக்கா? மகனுக்கா. சரி, யாருக்கானால் என்ன.

என் மகளுக்கும் அதே படிப்புதான். கடன் மூன்று லட்சத்து அறுபதாயிரம். முதல் வருஷம் ஒரு லட்சத்து எண்பது, இரண்டாம் வருஷம் ஒரு லட்சத்து எண்பது. படிக்கிற இரண்டு வருஷமும், அதற்குமேல் ஒரு வருஷமும் எதுவும் கட்ட வேண்டாம் என்றார்கள். கட்ட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், வட்டி ஓடாது என்று சொல்லவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன், அதை அன்றைக்கே கேட்டேன். ஓடும் என்றார்கள். மூன்று வருஷம் ஓடி, தொண்ணூற்று நாலாயிரத்து ஐநூறு ரூபாய் ஏறியது. ஆக, தவணை ஆரம்பிக்கிறபோது நாலு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து ஐநூறு. மாசம் ஏழாயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்று வீதம் ஏழு வருஷம். இதை உங்களுக்கு யாராவது எழுதிக் காட்டினார்களா? காட்டியிருக்க மாட்டார்கள்.

பவதாரணி என்று பேர். வீட்டில் தாரணி. படிப்பு முடிந்து ஒரு மாசம் சும்மா இருந்தாள். பிறகு நான் இருந்த கம்பெனியிலேயே மாடியில் டிசைன் ரூமில் வேலை கிடைத்தது. நான் சொல்லி வாங்கிக் கொடுத்தது இல்லை. எனக்குச் சொல்ல வராது. அவளே போய், வரைந்து காட்டி வாங்கினாள். பனியன் நெஞ்சில் வருகிற படம், கழுத்துப் பட்டியில் வருகிற கோடு, லேபிள், அதெல்லாம் அங்கேதான் வரைவார்கள். மேலே ஏசி. கீழே நான், செக்கிங்கில்.

செக்கிங் என்றால் தெரியுமல்லவா? தைத்து வருகிற பீஸை விரித்துப் பார்ப்பது. தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா. நல்லது ஒரு பக்கம், ரிஜெக்ஷன் ஒரு பக்கம். இரண்டையும் எண்ணி எழுத வேண்டும். ரிஜெக்ஷனை முதலில் எழுத வேண்டும். அதுதான் முறை. நல்லதை முதலில் எழுதினால் கை தானாகக் கொஞ்சம் கூட்டி எழுதிவிடும்.

அவளுக்குச் சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு. கேட்க நன்றாக இருக்கிறதா? எங்கள் ஊரில் சம்பளம் ஷிப்ட் கணக்கு, தம்பி. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். அவள் தினமும் எட்டரை வரை இருப்பாள். இருபத்தாறு நாளுக்கு முப்பத்தொன்பது ஷிப்ட். வகுத்துப் பாருங்கள். முந்நூற்று எழுபத்தோரு ரூபாய் எழுபத்தொன்பது பைசா. கீழே என் டேபிளில் பீஸ் மடிக்கிற பெண்ணுக்கு ஷிப்டுக்கு நானூற்று இருபது. அந்தப் பெண் பத்தாவது ஃபெயில்.

இதை யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரி ராசாமணியிடம் சொன்னேன். "புள்ள சந்தோசமாப் போயிட்டு வர்றா, அதைப் போய் வகுத்துட்டு இருக்கறீங்க"ன்னாள். சந்தோஷத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

பதினோரு மாசம் போயிற்று. தவணை ஆரம்பிக்க ஒரு மாசம் இருந்தது. பதினாலாயிரத்து ஐநூறில் ஏழாயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்று போனால் மீதி ஆறாயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு. அதில் பஸ், சாப்பாடு, போன் எல்லாம். இது ஆகிற காரியமா? சம்பளத்தைக் கூட்டிக் கேள் என்றால், "கேக்கறேன்ப்பா"ன்பாள். கேட்க மாட்டாள். அந்த விஷயத்தில் என்னை மாதிரி.

அதனால் நானே கேட்பது என்று முடிவுசெய்தேன். வாயால் கேட்க வராது. கணக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு முழுத்தாள் வாங்கி, இரண்டு பக்கமும் கோடு போட்டு எழுதினேன். ஒரு பக்கம், இவள் படிக்கப் போகாமல் பன்னிரண்டாவது முடித்ததும் செக்கிங்குக்கு வந்திருந்தால் மூன்று வருஷத்தில் என்ன சம்பாதித்திருப்பாள். ஐந்து லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எண்பது. அதில், பதினோரு மாசம் மாடியில் வாங்கிய ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து ஐநூறைக் கழித்துவிட்டேன். கழிக்காமல் விட்டால் பொய்க் கணக்கு. அதன்மேல் கடனைச் சேர்த்தால், படித்ததால் வந்த வித்தியாசம் எட்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று எண்பது. இதைப் பார்த்தால் கல்லும் மூவாயிரம் நாலாயிரம் கூட்டிக் கொடுக்கும் என்று நினைத்தேன். பதினெட்டாயிரம் ஆனால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

வேலைக் கணக்கும் எழுத வேண்டும் அல்லவா? சம்பளத்தை மட்டும் எழுதி, செய்த வேலையை எழுதாமல் விட்டால் முதலாளி என்ன நினைப்பார். தாரணி ஒருநாள் வந்து சொல்லியிருந்தாள். "அப்பா, இந்த வருசம் என்னோட பத்தொம்பது டிசைனை ஆர்டர் குடுக்கற பையர் எடுத்திருக்காங்க. ரூம்லயே நாந்தான் ஜாஸ்தி"ன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். மொத்தம் எத்தனை வரைந்தாய் என்று கேட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்றாள். அப்போது வேறொன்றும் கேட்கவில்லை.

அதை அப்படியே எழுதினேன். ரிஜெக்ஷன் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. பாஸ் பத்தொன்பது. கழிவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடிந்த பிறகு சின்னவர் ரூமுக்குப் போனேன். பெரிய முதலாளியின் மகன், சின்னவர் என்போம். என்னைப் பார்த்ததும், "என்ன நாச்சிமுத்தண்ணா, கோயில் வசூலா? எவ்வளவு போட்டுக்கட்டும்"ன்னார். நான் தாளை நீட்டினேன். முழுசும் படித்தார். திருப்பிப் போட்டுப் படித்தார்.

"தொண்ணூத்தியொண்ணு பர்சென்ட் கழிவுங்களா? இத்தனை நாள் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

"கணக்கு சரிங்க"ன்னேன்.

"உங்க கணக்கு என்னைக்குண்ணா தப்பியிருக்குது."

தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார். "இன்னும் நாலு மாசத்துல நீங்க ரிட்டயர்டு ஆகறீங்க. பாப்பாவைக் கீழ கொண்டாந்துருங்க. உங்க சீட்டு. செக்கிங் சூப்பர்வைசர், இருபத்தியோராயிரம். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வேன் தம்பி? பதினெட்டு கேட்க வந்தவனுக்கு இருபத்தொன்று. பன்னிரண்டு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலி. நான் அந்த நாற்காலிக்கு வர எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. இவளுக்குப் பதினோரு மாசத்தில். கும்பிட்டுவிட்டு வந்தேன். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்று ராசாமணி இன்றைக்கும் சொல்கிறாள். இருபத்தோராயிரம் பெரிதா பதினாலாயிரத்து ஐநூறு பெரிதா என்பதில் கேட்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். தாரணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "என்ன எழுதிக் குடுத்தீங்க"ன்னாள். நான் எதை எழுதினாலும் நோட்டில் ஒரு நகல் வைத்திருப்பேன். எடுத்துக் காட்டினேன். இடது கையில் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தி மூணை மொதல்ல எழுதியிருக்கறீங்க."

"அதுதானே அம்மிணி முறை."

"பத்தொம்பதுன்னு சொன்னன்னைக்கு நீங்க சிரிச்சீங்கப்பா."

"சிரிச்சேன்."

"அன்னைக்கே மிச்சத்தை எண்ணீட்டீங்களா?"

எண்ணாமல் எப்படித் தம்பி இருக்க முடியும்? இருநூற்றுப் பன்னிரண்டில் பத்தொன்பது போனால் மிச்சம் தானாக வந்து நிற்கிறதே. ஆமாம் என்றேன். சரிங்கப்பா என்றாள். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதனால் நான் சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் தெரிந்தது, மாடியில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் சின்னவர் அதே கணக்கைப் போடச் சொன்னாராம். ஒருத்தருக்குத் தொண்ணூற்றாறு வந்ததாம். அவர்கள் யாரும் அதற்கப்புறம் போனில்கூடத் தாரணியோடு பேசவில்லையாம். அதற்கு நான் என்ன செய்ய? நான் அவர்கள் கணக்கை எழுதவில்லையே.

திங்கட்கிழமை அவள் கீழே வரவில்லை. மேலேயும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு, "பெங்களூர் போறேன்ப்பா, வேலைக்கு"ன்னாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டேன். "கடனை நான் கட்டீருவேன்ப்பா. நீங்க எழுத வேண்டாம்"ன்னாள். கேட்டதற்குப் பதில் அதுவா?

இருபத்திரண்டு மாசம் ஆகிறது.

ராசாமணியோடு தினமும் போனில் பேசுகிறாள். பொங்கலுக்கு, அம்மாயி வீட்டுக்கு, அதாவது ராசாமணியின் அம்மா ஊருக்கு வந்து அங்கிருந்தே போய்விட்டாள். தாரணி எப்படி இருக்கிறாள் என்று ராசாமணியிடம் கேட்டால், "நல்லா இருக்கறா"ங்கிறாள். நல்லா இருக்கிறாள் என்றால் எத்தனை? அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். சோப்பு, மருந்து இதற்கெல்லாம் வருகிற அட்டைப்பெட்டிக்கு மேலே படம் வரைகிறாளாம். அவ்வளவுதான் தெரியும். மளிகைக் கடையில் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எடை போட்டிருக்கிறார்கள், விலை போட்டிருக்கிறார்கள், எந்த ஊரில் செய்தது என்று போட்டிருக்கிறார்கள். யார் வரைந்தது என்று எந்தப் பெட்டியிலும் போடுவதில்லை. கடைக்காரர், "என்னங்க, தேதி பாக்கறீங்களா, எல்லாம் புதுசுதான்"ங்கிறார்.

அதனால் நான் மாசம் எட்டாம் தேதி இங்கே வந்துவிடுவேன். அவள் ஏழாம் தேதி கட்டுவாள். நான் எட்டாம் தேதி வந்து கடன் கணக்கின் நகலை வாங்கிப் பார்ப்பேன். பெற்றவன் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்ட கடன். வட்டி சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டாமா? முதல் ஐந்து மாசம் ஏழாயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்று, பைசா மாறாமல். ஆறாவது மாசம் வரவே இல்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று நாள் வந்து பார்த்தேன். ராசாமணி, காய்ச்சலாம், இப்போது தேவலையாம் என்றாள். அந்த மாசத் தவணையை நானே கட்டினேன். ஏழாவது மாசம் பதினைந்தாயிரத்து முந்நூற்று இருபத்தாறு கட்டியிருக்கிறாள். இரண்டு மாசத்துக்கும் சேர்த்து. நான் கட்டியது கணக்கில் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் கட்டினாள். எழுத வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்படி.

பிறகு ஒன்பதாயிரம். பிறகு பன்னிரண்டாயிரம். போன மூன்று மாசம் பதினைந்தாயிரம். போன மாசத்து நிலுவை மூன்று லட்சத்து நாலாயிரத்து நானூற்று ஏழு.

என்ன கேட்டீர்கள்? ஓய்வுப் பணமா? பிஎஃப் வந்தது. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம், இதே பேங்கில் டெபாசிட். அதற்கு வட்டி ஏழு. கடனுக்கு வட்டி பத்தரை. அந்தம்மாவும் இதைத்தான் கேட்கிறது. டெபாசிட்டை உடைத்துக் கடனை முடித்துவிட்டால் மாசம் எண்ணூற்று எண்பத்தெட்டு ரூபாய் மிச்சமாகுமே சார் என்கிறது. எனக்கா தெரியாது? அந்தம்மாவுக்கு முன்னாலேயே போட்டுப் பார்த்தவன் நான். செய்ய வேண்டும். ஒரு மாசம் பேனா எழுதவில்லை. ஒரு மாசம் கம்ப்யூட்டர் வேலைசெய்யவில்லை என்றார்கள். இன்னொரு மாசம் நல்ல கூட்டம். செய்யலாம், அதற்கென்ன அவசரம்.

ஆனால் நீங்கள் இந்தக் கடனை வாங்காதீர்கள் தம்பி. கணக்கைப் பார்த்தால் வாங்கக் கூடாது. எந்தப் பக்கம் கூட்டினாலும் நட்டம்தான் வருகிறது. பையனை ஐடிஐயில் போடுங்கள். இரண்டு வருஷம், காசு அதிகம் ஆகாது, கையில் வேலை. அவனுக்குப் படம் வரைவதுதான் பிடிக்கும் என்கிறீர்கள். இவளுக்கும் அப்படித்தான். சின்ன வயசில் நான் கொண்டுவரும் பீஸ் கணக்குத் தாள்களின் பின்பக்கமெல்லாம் வரைந்துவைப்பாள். முன்பக்கம் நம்பர் மறைந்துவிடும் என்று நான் திட்டுவேன். மறையாதுப்பா, பின்னாடிதானே என்பாள்.

என் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன். நன்றி தம்பி.

கொஞ்சம் நகருங்கள், உட்காருகிறேன். இதைப் படியுங்கள். என் கண்ணாடிக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்னவோ. கடைசி வரி. நேற்றைய தேதி. எத்தனை போட்டிருக்கிறது?

அறுபதாயிரம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அந்தம்மாவிடம் தப்பாக ஏறிவிட்டதா என்று கேட்டேன். இல்லை சார், உங்கள் மகள் கணக்கிலிருந்துதான் வந்திருக்கிறது என்கிறது. சந்தோஷமாகச் சொல்கிறது. இப்படியே கட்டினால் அஞ்சு மாசத்துல முடிஞ்சிரும் சார் என்கிறது. முன்கூட்டியே முடித்தால் அபராதம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் ஒரு பைசா கிடையாது, எப்ப வேணும்னாலும் முடிக்கலாம் என்கிறது.

அறுபதாயிரத்துக்கு எங்கே போனாள்? கழுத்தில் ஒன்றரைப் பவுன் செயின் ஒன்று இருந்தது. அதை விற்றாளா? கடன் வாங்கிக் கடன் கட்டுகிறாளா? யார் கேட்டார்கள் இப்போது? ஏழு வருஷம் கொடுத்திருக்கிறானே பேங்க்காரன். அவன் சும்மா இருக்கிறான், நான் சும்மா இருக்கிறேன், இவளுக்கு என்ன அவசரம்? அஞ்சு மாசத்தில் முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாளாம்? முடிந்த கணக்குக்கு நகல் கொடுக்க மாட்டார்கள் தம்பி. கேட்டுவிட்டேன்.

அவள் போன் நம்பர் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ராசாமணி எழுதி வைத்தது. இதுவரை போட்டதில்லை. போட்டு என்ன பேசுவது? இன்றைக்குக் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. கணக்கு விஷயம். கேட்கலாம்தானே? நீங்கள் நம்பரைச் சொல்லுங்கள், நான் அழுத்துகிறேன்.

மணி அடிக்கிறது.

"ஹலோ. நாந்தான். அப்பா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அம்மா வீட்ல இருக்கறா, நல்லாத்தான் இருக்கறா. நானும் நல்லாத்தான் இருக்கறேன். பேங்க்ல உக்காந்திருக்கறேன். கணக்குல ஒரு சந்தேகம், அதான்."

பயந்துவிட்டாள் தம்பி. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று.

"நேத்து அறுபதாயிரம்னு ஏறியிருக்குது. சைபர் ஒண்ணு கூட அழுத்தீட்டயான்னு கேக்கலாம்னுட்டு. அழுத்தலியா? அறுபதேதானா? செயின் கழுத்துல இருக்குதா? இருக்குதா, சரி. யார்கிட்டயும் வாங்கலியே?"

அவளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து சொந்தமாக ஆரம்பித்திருக்கிறார்களாம். ஆறு மாசம் ஆகிறதாம். ஒரு வேலைக்கு மொத்தமாக வந்த காசாம். ராசாமணி இதைச் சொல்லவே இல்லை பாருங்கள்.

"சரி அம்மிணி. நல்லதுதான். ஆனா இப்படி ஒரேயடியா கட்டப்படாது. ஆமா. முன்னாலயே முடிச்சா அபராதம் போடுவாங்களாம். ரெண்டு பர்சென்ட். இப்பத்தான் கேட்டேன், அந்தம்மா சொல்லுச்சு. அதனால நீ பழையபடி மாசாமாசம் ஏழாயிரத்து அறுநூத்தி அறுபத்தி மூணே கட்டு. ஏழு வருசம் இருக்குதல்ல. ஒண்ணும் அவசரமில்ல."

ஏன் தம்பி என்னையே பார்க்கிறீர்கள்? உங்களைக் கூப்பிடுகிறார்கள். போங்கள், போய்க் கொடுங்கள்.

"அது ஒருத்தரு, பக்கத்துல இருந்தவரு. வெச்சறாதே. இன்னும் பாக்க வேண்டியிருக்குது. மொதல்ல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்றேன், நீ கட்டுனது சரியான்னு சொல்லு. நேரம் இருக்குதா உனக்கு? இருக்குதா. சரி. மொதல் மாசம், ஏழாம் தேதி, ஏழாயிரத்து அறுநூத்தி அறுபத்தி மூணு. சரியா? சரி. அப்ப நீ எங்க சாமி தங்கியிருந்தே?"